குருதி வழியா, கடல் வழியா?

வடகடலின் கீழ்க்கரையில் வாழும் பிரீசியரின் ஆடலிசையையும், அதே கடலின் மேல்கரையில் வாழும் ஸ்காட்லாந்தியரின் ஆடலிசையையும் அடுத்தடுத்துக் கேட்பவர் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை உணராமல் இருக்க இயலாது. பிடிலின் விரைந்த வில்லோட்டம், காலைத் தரையில் நிற்கவிடாத தாளம், மெட்டு இரு கூறாக அமைந்து ஒவ்வொரு கூறும் இருமுறை ஒலிக்கும் முறை, ஆணும் பெண்ணும் இணை இணையாக நின்று இடம் மாறி ஆடும் பாங்கு ஆகிய யாவும் இரு நாட்டிலும் உண்டு. பிரீசிய ஆடல்கள் சிலவற்றின் பெயரிலேயே ஸ்காட்லாந்து இருக்கிறது. ஒற்றுமை உண்மை. அவ்வொற்றுமைக்குக் கூறப்படும் காரணந்தான் பொய். அப்பொய்யை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூறப்படும் காரணம் யாது? இரு மக்களும் ஒரே குருதியினர். பண்டைக் காலத்தில் ஒரு குடியாய் இருந்து பின்னர்ப் பிரிந்தவர். ஆகவே அவர்தம் இசையும் ஒன்றாயிருக்கிறது என்பதே. விழா மேடையில் சொல்வதற்கு இஃது இனிமையான கூற்று. சொல்பவருக்கு உழைப்பில்லை, கேட்பவருக்குப் பெருமை. அதனாலேயே அது பரவுகிறது.

தமிழாசிரியர்க்கும் தமிழ் மாணவர்க்கும் பிரீசியரைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். மரபு என்னும் சொல்லை நாளொன்றுக்குப் பத்து முறையேனும் வகுப்பறையில் வழங்குவோர் நாம். ஒரு கலை எவ்வாறு மரபாகிறது என்பதைத் தெளிய, நம் விருப்பும் வெறுப்பும் குறுக்கிடாத தொலைநாட்டு வழக்கொன்றை எடுத்து ஆராய்வது நலம். தன் வீட்டு வழக்கில் எவரும் நடுவராய் இருத்தல் அரிது.

முதற்கண் பிரீசியர் யார் என்பதைச் சொல்லிவிடுவோம். 1641ஆம் ஆண்டில் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய ஒல்லாந்தரை நம் மாணவர் அறிவர். அவ்வொல்லாந்தரின் நாடாகிய நெதர்லாந்தின் வடபகுதியில் பிரீஸ்லாந்து என்னும் மாநிலம் உள்ளது. அங்கு வாழ்வோரில் பெரும்பகுதியினர் ஒல்லாந்த மொழியின் கிளைமொழியாகக் கொள்ளத்தகாத, தனிமொழியான பிரீசியத்தைப் பேசுவோர். செர்மனியின் வடகடற் கரையிலும் தீவுகளிலும் இவர்தம் உறவினர் சிறு தொகையினராக வாழ்கின்றனர். பெரிய மொழியொன்றின் நிழலில் சிறிய மொழியொன்றைக் காத்து வருவோர் என்ற அளவில் அவர்கள்மீது நமக்கு இயல்பாகவே பரிவு பிறக்கும். ஆனால் பரிவு வேறு, சான்று வேறு.

குருதிக் கொள்கையினர் முதலில் நீட்டும் சான்று மொழி. பிரீசியம் ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவுடையது என்பதை மொழிநூலார் யாவரும் ஒப்புவர். பாலாடைக் கட்டியை ஆங்கிலேயர் 'சீஸ்' என்பர். பிரீசியர் 'ட்சீஸ்' என்பர். இறைவழிபாட்டு இல்லத்தை ஆங்கிலேயர் 'சர்ச்' என்பர். பிரீசியர் 'ட்சேர்க்கே' என்பர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் வடகடலைக் கடந்து பிரித்தானியாவில் குடியேறியோருள் பிரீசியரும் இருந்தனர். ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பிரொக்கோப்பியஸ் அவர்களைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறார். ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் வழங்கும் 'ஸ்காட்ஸ்' என்னும் மொழியும் பழைய ஆங்கிலத்தின் வழிவந்ததே. இவ்வளவும் உண்மை.

இவ்வுண்மையிலிருந்து இசைக்குத் தாவுவதுதான் பிழை. மொழியுறவு பிறந்தது ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர். நாம் இன்று கேட்கும் ஆடலிசையின் உயிர்க்கருவியாகிய பிடில் பிறந்ததோ 16ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். இரண்டுக்கும் இடையே ஓராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. பிடிலுக்கு முன்னரும் வில்லால் இசைக்கும் கருவிகள் ஐரோப்பாவில் இருந்தனவே என்பர் சிலர். இருந்தன. அவற்றில் பிரீசியரும் ஸ்காட்லாந்தியரும் எந்த மெட்டை வாசித்தனர் என்று காட்ட ஒரு சுவடியேனும் உண்டா? ஸ்காட்லாந்தின் ஆடல்மெட்டுகள் எழுத்தில் பெருகித் தோன்றுவது 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான். சான்றில்லாத ஆயிரம் ஆண்டுகளைக் கற்பனையால் நிரப்பிவிட்டு அதற்கு வரலாறு என்று பெயரிடுதல் புலமையாகாது.

இன்னொரு தடையும் உண்டு. ஸ்காட்லாந்து ஒரே மொழி வழங்கும் நாடன்று. தாழ்நிலத்தார் மொழி செர்மானியக் குடும்பத்தது. மலைநாட்டார் மொழியாகிய கேலிக் கெல்டியக் குடும்பத்தது. ஸ்காட்லாந்தின் ஆடலிசையுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் 'ஸ்ட்ராத்ஸ்பே' என்னும் வகை ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் தாங்கியது. 18ஆம் நூற்றாண்டில் அவ்வகை செழித்தபோது அப்பள்ளத்தாக்கில் கேலிக் வழங்கிற்று. குறிலசையை அழுத்தித் தட்டி நெடிலசைக்குத் தாவும் அதன் நடை, கேட்டவர் மறக்க முடியாதது. மொழியுறவே இசையுறவுக்கு அடிப்படையாயின், பிரீசியத்தோடு தொடர்பற்ற கெல்டிய மொழி பேசியோரின் மண்ணில் இந்த இசை செழித்தது எவ்வாறு? இவ்வினாவை எழுப்பியவுடன் குருதிக் கொள்கையினருள் ஒரு சாரார் கட்சி மாறுவர். பிரீசியரும் பண்டு கெல்டியத் தொடர்புடையவரே என்பர். அதற்குச் சான்றாகப் பைக்குழலைக் காட்டுவர். பைக்குழலோ ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான கருவி. 16ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் பீட்டர் புருகல் தீட்டிய உழவர் ஆடல் ஓவியத்தில் பைக்குழல் வாசிப்போன் முன்னிடத்தில் அமர்ந்திருக்கிறான். அவனைக் கெல்டியன் என்பாரும் இலர். காலையில் செர்மானியக் குருதி, மாலையில் கெல்டியக் குருதி என்று மாற்றி மாற்றிப் பேசும் ஒரு கொள்கையை எவ்வாறு பிடித்து நிறுத்துவது?

அடுத்த சான்று பெயர். பிரீசியரிடையே 'ஸ்கோட்சே ட்ரீயே', 'ஸ்கோட்சே ஃப்யௌவர்' என்னும் ஆடல்கள் உள்ளன. ஸ்காட்லாந்து மூன்று, ஸ்காட்லாந்து நான்கு என்பது சொற்பொருள். பெயரே சொல்கிறதே என்று களிகூர்வர். பெயர் என்ன சொல்கிறது? அயல்நாட்டிலிருந்து வந்ததாகப் பெயரிட்டோர் கருதினர் என்பதையே சொல்கிறது. தன் குருதியில் ஊறிய ஆடலுக்கு எவரும் அயலார் பெயரை இடார். நம் வீட்டுச் சோற்றுக்கு நாம் 'தமிழ்ச்சோறு' என்றா பெயரிடுகிறோம்? பக்கத்து வீட்டிலிருந்து வந்த பண்டத்துக்கே ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இச்சான்று, காட்டுவோர் கட்சிக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது.

அயலார் பெயர்கூட உண்மையை உரைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் 'ஷாட்டிஷ்' என்றோர் ஆடல் பரவிற்று. செர்மன் மொழியில் ஸ்காட்லாந்து ஆடல் என்பது அப்பெயரின் பொருள். அஃது ஸ்காட்லாந்தில் பிறந்ததன்று. பொகீமியாவில் தோன்றிய போல்காவுக்கு நெருங்கிய உறவு, அதனினும் சற்று மெதுவானது. செர்மானிய நாட்டு ஆடல்மன்றங்களில் உருப்பெற்றது. அக்காலத்து ஐரோப்பியருக்கு ஸ்காட்லாந்து என்னும் பெயரே ஒரு மயக்கம். பேத்தோவனும் சூபர்ட்டும் 'எக்கோசேஸ்' என்று பிரெஞ்சில் ஸ்காட்லாந்துப் பெயரிட்டு எழுதிய ஆடற்சிற்றிசைகளில் ஸ்காட்லாந்தின் மணம் மிகச் சிறிதே. வேடிக்கை இனிமேல்தான். அந்தச் செர்மானிய ஷாட்டிஷ் ஸ்காட்லாந்துக்கும் போயிற்று. ஸ்காட்லாந்தியர் அதனை ஏற்று, 'மலைநாட்டு ஷாட்டிஷ்' என்று பெயரிட்டு, தம் அடவுகளைச் சேர்த்துத் தம்முடையதாகவே ஆடலாயினர். தம் பெயரைத் தாங்கி அயல்நாட்டில் பிறந்த பிள்ளையை அயல்மொழி எழுத்தோடு வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டனர். இதில் குருதி எங்கே வந்தது?

குருதி இல்லையெனின் ஒற்றுமை எவ்வாறு வந்தது? கடல் வழியாக வந்தது. ஆவணங்களோடு வந்தது.

ஸ்காட்லாந்தின் கம்பளியும் தோலும் நிலக்கரியும் ஒல்லாந்தத் துறைமுகங்களில் இறங்கின. சீலாந்து மாநிலத்தின் ஃபேரே என்னும் சிறு துறை 1541ஆம் ஆண்டு முதல் 1799ஆம் ஆண்டு வரை ஸ்காட்லாந்து வணிகரின் உரிமைத் துறையாக விளங்கிற்று. இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஸ்காட்லாந்தியர் அங்கு வீடு கட்டி, பெண்ணெடுத்து, வழக்குரைத்து, இறந்து புதையுண்டனர். ரோட்டர்டாம் நகரில் ஸ்காட்லாந்தியர் திருச்சபை 1643இல் தோன்றிற்று. 1570களில் தொடங்கி 1782 வரை ஒல்லாந்த அரசின்கீழ் 'ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு' என்று தனிப்படையே பணியாற்றியது. இருநூறாண்டுப் படைவாழ்வு என்றால் எத்தனை முகாம்கள், எத்தனை திருமணங்கள், எத்தனை குடிக்கடை இரவுகள்! பாசறையில் பிடில் இல்லாமலா இருந்திருக்கும்? லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டமும் மருத்துவமும் கற்க ஸ்காட்லாந்து மாணவர் தொடர்ந்து வந்தனர். சொந்த ஊர்ப் பாட்டை மூட்டையில் கட்டிக்கொள்ளாத மாணவன் உலகில் எங்கும் இல்லை.

வடக்கே இன்னும் நெருக்கம். ஷெட்லாந்துத் தீவுகளின் தலைநகராகிய லெர்விக், ஒல்லாந்தரின் ஹெரிங் மீன்பிடிக் கலங்களால் வளர்ந்த ஊர். 17ஆம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் நூற்றுக்கணக்கான கலங்கள் அத்துறையில் கூடும். அக்கலங்களின் மாலுமிகளுக்குக் கம்பளிக் காலுறை விற்பதற்கென்றே கரையில் குடிசைகள் எழுந்தன. குடிசைகளே பின்னர் ஊராயின. காலுறை விற்ற கரையில் மெட்டும் கைமாறியிருக்கும் என்று ஊகிப்பது குருதிக் கொள்கையைவிடப் பலமடங்கு நேர்மையான ஊகம். ஏனெனில் அங்கு மனிதர் மனிதரைச் சந்தித்தனர் என்பதற்கேனும் சான்று உண்டு. கிரீன்லாந்துக் கடலில் திமிங்கில வேட்டைக்குச் சென்ற கலங்களிலும் இதே நிலை. ஒல்லாந்தரின் வேட்டைக் கலங்களில் பிரீசியத் தீவினர் மிகுதி. ஃபோர் தீவைச் சேர்ந்த மத்தியாஸ் பீட்டர்சன் என்னும் பிரீசியத் தலைவன் தன் வாழ்நாளில் 373 திமிங்கிலங்களைப் பிடித்ததாக அவன் கல்லறைக் கல் கூறுகிறது. அவன் 1706இல் இறந்தவன். பிரித்தானிய வேட்டைக் கலங்களோ ஷெட்லாந்தில் நின்று அத்தீவினரை ஆளெடுத்துச் சென்றன. ஷெட்லாந்துப் பிடில் மெட்டுகள் சில கிரீன்லாந்துக் கடலிலிருந்து வந்தவை என்று அத்தீவினரே இன்றும் சொல்கின்றனர். பாட்டனிடமிருந்து வந்தது என்று சொல்லிப் பெருமை கொள்ளக்கூடிய இடத்தில், கப்பலிலிருந்து வந்தது என்று உண்மை சொல்லும் அந்தத் தீவினரை நான் மதிக்கிறேன்.

மனிதரைவிட விரைந்து சென்றது அச்சுப் புத்தகம். இலண்டனில் 1651இல் ஜான் பிளேஃபோர்டு வெளியிட்ட ஆங்கில ஆடல் நூல் பல பதிப்புகளாகப் பெருகிற்று. அவர் மகன் ஹென்றி பிளேஃபோர்டு 1700இல் ஸ்காட்லாந்து மெட்டுகளைத் தனித் தொகுதியாக்கினார். அதே 1700ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாமில் எத்தியன் ரோஜே என்னும் பதிப்பாளர் உழவர் பாட்டுகளும் ஆடல்மெட்டுகளும் அடங்கிய தொகுதிகளை வெளியிடத் தொடங்கி, 1716 வரை தொடர்ந்தார். ஏறத்தாழ ஆயிரம் மெட்டுகள் அவற்றுள் உள்ளன. 'பழையவும் புதியவுமான ஒல்லாந்த உழவர் பாட்டுகள்' என்று தலைப்பில் ஒல்லாந்தம் முழங்குகிறது. உள்ளே திறந்தால் ஆங்கில மெட்டும் பிரெஞ்சு மெட்டும் ஸ்காட்லாந்து மெட்டும் கைகோத்து நிற்கின்றன. எடின்பரோவில் 1757ஆம் ஆண்டு முதல் ராபர்ட் பிரெம்னர் 'ரீல்' மெட்டுகளை வெளியிட்டார். இவை விலைக்கு விற்கப்பட்டவை. வாங்கியவர் பெரும்பாலும் ஆடலாசிரியரும் ஊர்ப் பிடில்காரருமே. அவர் கையால் படியெடுத்தனர். படியெடுத்ததை மாணாக்கர் மீண்டும் படியெடுத்தனர். மூன்றாம் படியில் ஊர்ப்பெயர் மறையும். ஐந்தாம் படியில் மெட்டுக்கு உள்ளூர்ப் பெயர் வந்துவிடும்.

மெட்டின் அமைப்பையும் சற்றே நோக்குதல் வேண்டும். எட்டு தாளக்கட்டுகள் கொண்ட முதற்கூறு இருமுறை, எட்டு கட்டுகள் கொண்ட இரண்டாங்கூறு இருமுறை, ஆக முப்பத்திரண்டு. அந்த முப்பத்திரண்டுக்குள் ஆடுவோர் கைகோத்துச் சுற்றி, குறுக்கே கடந்து, புறப்பட்ட இடத்துக்கோ அடுத்த இணையின் இடத்துக்கோ வந்து நிற்பர். இது கால்களுக்காக வகுக்கப்பட்ட கணக்கு. டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இதே கணக்குத்தான். பிரீசியருக்கும் ஸ்காட்லாந்தியருக்கும் மட்டும் உரிய கமுக்க அடையாளம்போல் இதனைக் காட்டுவோர், பக்கத்து நாட்டுப் பிடிலைக் கேட்டறியாதவர். உண்மையில் ஸ்காட்லாந்துக்கே தனித்துவமான ஸ்ட்ராத்ஸ்பே நடையைத்தான் ஒப்பிட்டுக் காட்டவேண்டும். அதுவோ பிரீசிய ஆடலிசையின் பொது அடையாளமாக இல்லை. எங்கும் கிடைப்பது இரு நாட்டிலும் கிடைக்கிறது. அரியது ஒரு நாட்டில் மட்டும் கிடைக்கிறது. பொது வேர் இருந்திருப்பின் இதற்கு நேர்மாறாக அல்லவா இருக்கவேண்டும்?

இந்த இடத்தில் எதிர்க்கட்சியார் ஒருவர் எழுந்து, அப்படியாயின் பிரீசியர் வெறும் இரவலாளர், ஸ்காட்லாந்தியரே செல்வர் என்பார். இவரும் குருதிக் கொள்கையினரின் உடன்பிறப்பே. அவர் பொது வேரைத் தேடினார். இவர் ஒற்றை உடைமையாளனைத் தேடுகிறார். ஸ்காட்லாந்துச் செல்வத்தைச் சற்றே திறந்து பார்ப்போம். இன்று உலகெங்கும் ஸ்காட்லாந்தின் அடையாளமாக ஆடப்படும் வரிசை ஆடல், அடிப்படை அமைப்பில் இங்கிலாந்திலிருந்து 1700ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. அதனைக் காக்க 1923இல் கிளாஸ்கோவில் கழகம் கண்ட ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் அதில் ஸ்காட்லாந்தின் அடவையும் மெட்டையும் கண்டனரேயன்றி, அதன் பிறப்புச் சான்றிதழைத் தேடவில்லை. ஸ்காட்லாந்து ஆடற்குழு என்றவுடன் காதில் விழுவது அக்கார்டியன். ஜிம்மி ஷாண்டின் பெயரை அக்கருவியிலிருந்து பிரிக்க முடியாது. பிரீசிய ஆடற்குழுக்களிலும் அக்கார்டியன் உண்டு. 'கேளுங்கள், இரண்டும் ஒரே ஒலி' என்பார்க்குச் சொல்லவேண்டிய விடை ஒன்றுதான்: அக்கருவிக்கு 1829ஆம் ஆண்டில் வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பவர் காப்புரிமை பெற்றார். மூதாதையர் ஒலி என்று சிலர் கண்ணீர் மல்கக் கேட்பது ஒரு வியன்னாக் கைவினைஞரின் பட்டறை ஒலி.

ஆயினும் ஸ்காட்லாந்தின் இசை ஸ்காட்லாந்தினுடையதே. பிரீசியரின் ஆடல் பிரீசியருடையதே. 1727இல் பிறந்து டன்கெல்டு அருகே இன்வரில் வாழ்ந்த நீல் கௌ, இத்தாலியக் கருவியை எடுத்து, தன் வில்லின் வலிமையால் அதனை ஸ்காட்லாந்தின் குரலாக்கினார். இரவலை உடைமையாக்கும் செயல் அது. அந்தச் செயலில்தான் மரபு இருக்கிறது. பிறப்பிடத்தைக் கேட்டுவிட்டு வளர்த்தவளை மறப்பது நன்றியன்று.

இரு நாட்டுக்கும் மெய்யாகவே பொதுவான ஒன்று உண்டு. அதனை ஒற்றுமை பாடுவோர் பாடுவதில்லை. அஃது ஆடலை வெறுத்த திருச்சபை. ஸ்காட்லாந்தில் 1560இல் சமயச் சீர்திருத்தம் வெற்றிபெற்றது. ஒல்லாந்தில் 1618, 1619ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரப் பேரவை கொள்கை வகுத்தது. இரண்டும் கால்வினின் வழி. இரு நாட்டிலும் போதகர் ஆடலைப் பாவமென்றனர். இரு நாட்டிலும் மக்கள் திருமணத்திலும் சந்தையிலும் ஆடியே தீர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பிடி மேலும் இறுகிற்று. ஒல்லாந்தின் வடக்கே உல்ரும் ஊரில் 1834இல் கடுநெறியாளர் பிரிந்து தனிச்சபை கண்டனர். ஸ்காட்லாந்தில் 1843இல் அத்தகைய பிளவு நிகழ்ந்தது. மலைநாட்டில் போதகரின் சொல்லுக்கு அஞ்சிப் பிடில்களை நெருப்பிலிட்ட செய்தியை அலெக்சாண்டர் கார்மைக்கேல் 1900இல் வெளியிட்ட தம் தொகுப்பின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். பிடிலை எரித்தவரும் அதனை வாசித்தவரும் ஒரே ஊரார், ஒரே குருதியினர். குருதி கலையைக் காக்கும் என்பாருக்கு இதைவிடக் கசப்பான விடை வேண்டுமா?

இனி, இவ்வழக்கில் நமக்கு அண்டை வீட்டாராகவே ஆகிவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1891இல் குரோனிங்கனில் பிறந்த யாப் குன்ஸ்ட், இளமையில் பிடிலும் கையுமாக டெர்ஸ்கெலிங் தீவுக்குச் சென்று, அங்குள்ள மக்களின் பாட்டையும் ஆடலையும் எழுதி, 1915இல் நூலாக்கினார். பிரீசியத் தீவொன்றின் ஆடல்மரபு அச்சேறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1919இல் சாவகம் சென்றவர் கம்லான் இசையில் மயங்கி அங்கேயே தங்கினார். 1934 வரை அத்தீவுகளின் இசையை ஆராய்ந்தார். மக்களிசை ஆய்வுத் துறைக்கு இன்று உலகம் வழங்கும் ஆங்கிலப் பெயரை 1950இல் எழுத்தில் நாட்டியவரும் அவரே. தீவுக்குப் போய், கிழவர் வாசிப்பதைக் கேட்டு, கேட்டதைக் கேட்டவாறே எழுதியவரை நம் மாணவர் அறிந்திருப்பது நலம்.

அத்தகையவரையும் பொது வேர் என்னும் மாயமான் விட்டுவைக்கவில்லை. ஊதுகுழலில் பிறக்கும் ஐந்தாம் சுரங்களின் சுழற்சியிலிருந்தே சாவகத்துக்கும் தொலைநாடுகள் பலவற்றுக்கும் உரிய சுரவரிசைகள் தோன்றின என்று ஹார்ன்போஸ்டல் என்னும் ஆஸ்திரிய அறிஞர் ஒரு கொள்கை வகுத்திருந்தார். 1930களில் புக்கோஃப்சர் அதன் அளவுகளைச் சோதித்து, அடிப்படையே நில்லாது என்று காட்டினார். குன்ஸ்ட் அதற்குப் பின்னும் அக்கொள்கையைக் கைவிட மனமின்றி வாதாடினார். அவர் எழுதியவற்றுள் இன்றும் நிற்பவை காதால் கேட்டு எழுதியவையே. கருத்தால் கட்டியது சரிந்துவிட்டது.

நம்மிடையே இந்நோய் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஸ்காட்லாந்தின் மெட்டுகள் பல ஐந்து சுரங்களால் ஆனவை. பள்ளிகளின் பிரிவுபசாரத்தில் பாடப்படும் ஸ்காட்லாந்துப் பாட்டொன்றைக் கேட்டதும், 'இது நம் மோகனம். மோகனமோ நம் முல்லைப்பண். ஆகவே ஸ்காட்லாந்துக்கு இசை கொடுத்தவர் தமிழர்' என்று மூன்று வாக்கியத்தில் உலகை வென்றுவிடும் பேச்சாளர் நம் மேடைகளிலும் உண்டு. ஐந்து சுர வரிசை சீனத்திலும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் உண்டு. முல்லைப்பண்ணின் பெருமைக்கு ஸ்காட்லாந்தை அடிமையாக்க வேண்டிய தேவை என்ன?

தமிழிசைக்கும் ஸ்காட்லாந்து ஆடல்மெட்டுக்கும் மெய்யான தொடர்பு ஒன்று உள்ளது; அது எதிர்த்திசையில் வந்தது. முத்துசாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்தபோது, கோட்டையின் ஆங்கிலப் பட்டாளத்தார் வாசித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்குச் சங்கராபரணத்தில் வடமொழிச் சொல்லமைத்து அவர் இயற்றியவையே நோட்டுசுர சாகித்தியங்கள். அவற்றுள் ஒன்றின் மெட்டு 'மக்டோனால்டு பிரபுவின் ரீல்' என்னும் ஸ்காட்லாந்து ஆடல்மெட்டு என்று ஆய்வாளர் இனங்கண்டுள்ளனர். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடிலைப் பயின்று நம் அரங்குக்குக் கொணர்ந்தார். ஒரே நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ரீல் வடகடலைக் கடந்து ஒல்லாந்தக் கரைக்கும் போயிற்று, பெருங்கடல்களைக் கடந்து மணலிக்கும் வந்தது. தீட்சிதருக்கும் மக்டோனால்டு பிரபுவுக்கும் குருதியுறவு காட்டப் புறப்படுவோர் உண்டா? அங்கே காட்ட முடியாததைப் பிரீசியரிடம் மட்டும் காட்டுவது எந்த நேர்மை?

குருதிக் கொள்கையின் கடைசி அரண் உடை. ஹிண்டலோப்பன் என்பது பிரீஸ்லாந்தின் பழைய கப்பலோட்டிகளின் ஊர். தனி வழக்குமொழியும் தனி உடையும் உடையது. பிரீசியத் தூய்மைக்கு அவ்வூர்ப் பெண்டிரின் மரபுடையைக் காட்டுவோர் உண்டு. அவ்வுடையில் கண்ணைப் பறிப்பது பூவேலை நிறைந்த நீண்ட மேலங்கி. அத்துணியின் பெயர் அவர்கள் மொழியில் 'சிட்ஸ்'. நம் பாட்டிமார் 'சீட்டித் துணி' என்றது அதனையே. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டி, 1658இல் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தக் கும்பினி, சோழமண்டலக் கரையில் கையால் வண்ணந்தீட்டிய பருத்தித் துணியைக் கப்பல் கப்பலாய் ஏற்றிச் சென்றது. லேவார்டன் நகரிலுள்ள பிரீசிய அருங்காட்சியகத்தில் அத்தகைய துணிகள் பெருந்தொகையாக இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பிரீசிய ஆடலின் அடவில் ஸ்காட்லாந்தைக் கண்டவர், ஆடுபவளின் தோளில் சோழமண்டலத்தைக் காணவில்லை. அந்தத் துணி இந்தியர்க்கே உரியது, திருப்பிக் கொடு என்று நாம் கேட்கப்போவதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தைத்து, உடுத்து, மகளுக்குக் கொடுத்துக் காத்தவர் அவர்.

தேர்வுத்தாளில் 'நாட்டுப்புற இசையின் தொன்மையை விளக்குக' என்று வினா அமைக்கும் ஆசிரியர் பலர். அதனருகே, 'உனக்குத் தெரிந்த மெட்டு ஒன்று யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காட்டுக' என்று மற்றொரு வினாவும் அமைத்துப் பார்க்கலாம். முதல் வினாவுக்கு நெஞ்சை நிமிர்த்தி நான்கு பக்கம் எழுதிவிடுவான் மாணவன். இரண்டாவதற்கு அவன் தன் ஊர்க் கோயில் மேளக்காரரிடமோ தோட்டத்து முதியவரிடமோ போய் உட்காரவேண்டும். நூலகத்தில் தூசு தட்டவேண்டும். திரும்பி வரும்போது அவன் கையில் அரைப்பக்கமே இருக்கலாம். அந்த அரைப்பக்கத்துக்கு முழு மதிப்பெண் வழங்க நாம் ஆயத்தமா?